காமன் எத்தனை முறை எரிந்தாலும்

மாசி அமாவாசை கழிந்ததும் இலங்கை மலையகத் தோட்டங்கள் பலவற்றில் காமன் கம்பம் ஊன்றிவிடுவார்கள். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் ஒவ்வொன்றாகத் தப்புச் சத்தம் நகரும். ரதியும் மதனும் வேடம் கட்டி ஆடி வருவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி மறிப்பாள், கெஞ்சுவாள், போனால் திரும்ப மாட்டாய் என்று அழுவாள். மதன் போவான். பௌர்ணமியை ஒட்டிய இரவில் நெற்றிக்கண் திறக்கும். மதன் சாம்பலாவான், பிறகு ரதியின் மன்றாட்டுக்காக உயிர் பெறுவான். கம்பத்தைச் சுற்றிக் குந்தியிருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் இந்த முடிவு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் ரதி மறிக்கும் கட்டம் வந்தால் கூட்டம் அடங்கிப்போகிறது, இந்த வருடமாவது அவன் நின்றுவிடக்கூடும் என்பதைப்போல. தஞ்சைப் பகுதி லாவணியில் இதே கதைக்கு இரண்டு கட்சிகள் உண்டு: காமன் எரிந்தான் என்று பாடும் எரிந்த கட்சி, எரியவில்லை என்று வாதாடும் எரியாத கட்சி. ஒரு கதையை அதன் ஒரே முடிவோடு விட்டுவிட ஒப்பாத மனம் நமக்குப் புதிதல்ல.

அந்த மனத்துக்கு இன்று வேறொரு களமும் கிடைத்திருக்கிறது. கதையை மையமாகக் கொண்ட வீடியோ கேம்கள் கதையின் திருப்பங்களை ஆடுபவர் கையில் ஒப்படைக்கின்றன. டெல்டேல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்', ஆபத்தில் சிக்கிய இருவரில் ஒருவரை மட்டும் காப்பாற்றச் சில விநாடிகள் தருகிறது. 2015இல் வந்த 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' தன் நாயகிக்கு நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் ஆற்றலையே கொடுத்தது. 2018இல் வந்த 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் கதை எங்கெங்கே பிரிகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறது, ஆடுபவர் போகாத கிளைகள் அதில் பூட்டிக் கிடக்கும். கதையை ஒருமுறை முடித்தவர், சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, முன்பு கைவிட்டவரை இம்முறை காப்பாற்றிப் பார்க்கிறார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எடுத்த முடிவின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, கதையின் கனத்தைக் கெடுப்பது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஒரு விளைவில் நம் கைக்கு எவ்வளவு பங்கு, நம் கைக்கு எட்டாததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய, தெரிவை மறுபடி ஆடிப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. மனித மனம் தானாகச் செய்யும்போது தவறவிடும் வேலை அது. அறிவியல் மிகவும் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வேலையும் அதுதான்.

மனம் சும்மா இருப்பதில்லை என்பது உண்மை. 'அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்திருந்தால்' என்று அது ஓயாமல் பழைய கதையைத் திருப்பி ஓட்டுகிறது. நடக்காததை நடந்ததாக வைத்துப் பார்க்கும் இந்தச் சிந்தனை எப்படி இயங்குகிறது என்று உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்களுக்கு ஒரு விபத்துக் கதையைக் கொடுத்தார்கள். வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் வீடு திரும்பும் ஒருவர்மீது, போதையில் இருந்த இளைஞன் ஓட்டி வந்த லாரி மோதுகிறது, அவர் இறந்துபோகிறார். 'இப்படி மட்டும் நடந்திருந்தால்' என்ற எண்ணத்தை அந்தக் குடும்பத்தார் எப்படி நிரப்பியிருப்பார்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானோர் இறந்தவரின் பாதையையோ புறப்பட்ட நேரத்தையோ மாற்றினார்கள். லாரி ஓட்டி வந்தவனை மாற்றியவர்கள் குறைவு. குற்றம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கதையில் யார்மீது வெளிச்சம் விழுகிறதோ அவருடைய செயலைத்தான் மனம் முதலில் திருத்துகிறது. இத்தாலிய உளவியலாளர் விட்டோரியோ ஜிரோட்டோவும் சக ஆய்வாளர்களும் 1991இல் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச்சேர்ந்த ஒருவரின் கதையில், அவர் கட்டுப்பாட்டில் இல்லாத தடைகள் சிலவும் இருந்தன. வழியில் நின்று பியர் குடித்ததும் இருந்தது. படித்தவர்கள் திருத்தியது பியரை.

அதே ஜிரோட்டோ வேறு சக ஆய்வாளர்களோடு 2007இல் வெளியிட்ட ஆய்வு என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. ஒரு தெரிவைச் செய்து தோற்றவர் ஒருவர். அந்தத் தோல்வியைக் கதையாக மட்டும் படித்தவர் இன்னொருவர். இருவரிடமும் எது மாறியிருந்தால் முடிவு நன்றாக இருந்திருக்கும் என்று கேட்டார்கள். படித்தவர்கள், 'அவர் மற்றதைத் தெரிவு செய்திருக்கலாம்' என்றார்கள். தாமே தெரிவு செய்தவர்களோ, கொடுக்கப்பட்ட வேலை இலகுவாக இருந்திருக்கலாம், நேரம் கூடக் கொடுத்திருக்கலாம் என்று சூழ்நிலையை மாற்றினார்கள். ஆக, அனுபவித்தவருக்குத் தெரிவது சுற்றிவர இருந்த சுவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அவர் திறந்த கதவு மட்டுமே. தோற்றவர் சாக்குச் சொல்கிறார் என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் பல நேரங்களில் சுவர் உண்மையாகவே இருந்தது. இரண்டு பார்வைகளில் எது சரி என்று மனத்துக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். மனம் ஒரு செயலை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு நடந்திருக்கக்கூடிய அத்தனையையும் தன் விருப்பப்படி இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதைச் சரிபார்க்க யாரும் இல்லை.

சேமித்த இடத்துக்குத் திரும்பும் ஆட்டம் இங்கேதான் வேறுபடுகிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, பிறகு நடப்பதை ஆடுபவரின் ஆசைக்கு விடாமல் நடத்திக் காட்டுகிறது. ஜூடியா பேர்ல் என்ற கணினி அறிவியலாளர் காரணகாரிய அறிவை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்: பார்ப்பது, செய்து பார்ப்பது, வேறுவிதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது. வாழ்க்கையில் மூன்றாம் படிக்கு ஏறக் கற்பனை ஒன்றுதான் துணை. கேமில் அந்தப் படியில் காலை ஊன்றியே நிற்கலாம். அப்படி நின்று பார்ப்பவர்கள் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓர் ஏமாற்றம்: இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவு அடுத்த அத்தியாயத்தில் ஒன்றையும் மாற்றுவதில்லை. யாரைக் காப்பாற்றினாலும் இரண்டு கிளைகளும் கொஞ்ச தூரத்தில் ஒரே பாதையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் எளிய கணக்கு. இரண்டில் ஒன்று என்ற தெரிவு இருபது முறை வந்தால், கிளைகள் 1,048,576 ஆகிவிடும். அத்தனைக்கும் வசனம் எழுதி, நடிகர்களைப் பேசவைத்து, காட்சி அமைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே எழுதுபவர்கள் கிளைகளைப் பிரித்து, மறுபடி முடிச்சுப் போடுகிறார்கள். ஒருமுறை மட்டும் ஆடியவருக்கு இந்த முடிச்சுகள் தெரியவே தெரியாது. தன் முடிவால்தான் அவர் இறந்தார் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். மறுபடி ஆடியவருக்குத்தான் எது தன் முடிவு, எது எழுதியவரின் முடிவு என்று பிடிபடும்.

இது ஆட்டத்துக்கு மட்டும் உரிய அறிவு என்று நினைத்தால், மலையகத்தின் தலவாக்கலைவரை போய்ப் பார்க்க வேண்டும். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. ஒரு உரம் விளைச்சலைக் கூட்டியதா என்று அறிய, உரம் போட்ட மலையில் கொழுந்து கூடியதைப் பார்த்தால் போதாது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கலாம். அதே செடியை அதே வருடத்துக்குத் திருப்பி அனுப்பி, உரம் போடாமல் வளர்த்துப் பார்க்க முடிந்தால் கேள்வி தீர்ந்துவிடும். அது முடியாது என்பதால்தான் வயல் ஆய்வு என்ற கலை பிறந்தது: நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு உரம், எந்தப் பாத்தி சும்மா என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்து, பக்கத்துப் பாத்தியை நடக்காத கிளையாகப் பாவிப்பது. விதையிலிருந்து வந்த தேயிலை ஒன்றைப்போல் ஒன்று இராது என்பது இதில் இன்னொரு தொல்லை. தோட்டத்தில் வீபி என்று சொல்லும் தேயிலை அதைத் தீர்த்துவைத்தது. ஒரு தாய்ச்செடியிலிருந்து ஒற்றை இலையோடு வெட்டிய துண்டுகளை நாற்றாக்கினால், மரபணுவில் அத்தனையும் ஒரே செடி. அந்த நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற இனத்தை இரண்டு மலைகளில் நடுவது, ஒரே செடியின் வாழ்க்கையை இரண்டு இடங்களில் தொடங்கிப் பார்ப்பதற்கு ஒப்பானது.

இன்னும் நேரடியான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. உயிரின் வரலாற்றை ஒலிநாடாவைப்போல் பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டினால் இதே உலகம் வருமா என்று பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1989இல் ஒரு நூலில் கேட்டார். அதை ஓட்டிப் பார்க்க வழியில்லை என்றே அவர் எண்ணினார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி ஒரே ஈ. கோலை பாக்டீரியாவின் வழித்தோன்றல்களைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒருமுறை கொஞ்சத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்; அவற்றை மறுபடி உயிர்ப்பிக்கலாம். கேம் ஆடுபவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: சேமித்த இடம். ஏறத்தாழ 31,500ஆம் தலைமுறையில் ஒரே ஒரு குடுவையில் அதிசயம் நடந்தது. ஒட்சிசன் உள்ள சூழலில் ஈ. கோலையால் உண்ண முடியாத சிட்ரேட்டை அவை உண்ணத் தொடங்கின. அது வெறும் தற்செயலா, முன்னமே போடப்பட்ட அடித்தளத்தின் பலனா? லென்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சக்கரி பிளவுண்ட் பழைய உறைநிலைச் சேமிப்புகளை எடுத்து, பல இலட்சம் கோடிச் செல்களைக் கொண்டு வரலாற்றை மறுபடி ஓட்டினார். 2008இல் வெளியான முடிவு இது: 20,000ஆம் தலைமுறைக்கு முந்தைய சேமிப்பிலிருந்து தொடங்கினால் அந்த ஆற்றல் தோன்றவே இல்லை, பிந்தையவற்றிலிருந்து தோன்றியது. எல்லோர் கண்ணையும் பறித்த திருப்பம் 31,500இல் நடந்தது. பாதையைத் திறந்துவிட்ட மாற்றமோ யார் கண்ணிலும் படாமல் அதற்கு வெகுமுன்பே நடந்துவிட்டது. மறுபடி ஓட்டாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இரண்டு வலுவானவை. ஒன்று உளவியலிலிருந்தே வருகிறது. டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்படக்கலை கற்ற மாணவர்கள் தாம் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு, பிறகு மாற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு என்றார்கள்; சிலருக்கு, எடுத்தது எடுத்ததுதான் என்றார்கள். மாற்ற முடியாதவர்கள்தான் தம் படத்தை அதிகம் விரும்பினார்கள். திரும்ப வழியிருந்தால் மனம் எதிலும் நிலைகொள்வதில்லை. அப்படியானால் மறு ஆட்டம் கதையின் நிறைவைக் கெடுக்கிறது என்பது சரிதானே? நிறைவைப் பொறுத்தவரை சரி என்றே சொல்வேன். முதல் ஆட்டத்தைப் பின்வாங்காமல் ஆடி முடிப்பதே நல்லது. ஆனால் நிறைவு வேறு, அறிவு வேறு. மாற்ற முடியாதபோது மனம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறது என்பதைத்தான் அந்த ஆய்வும் காட்டுகிறது. எடுத்த படம் உண்மையில் மேலானதா என்று அது சொல்லவில்லை. சமாதானம் பல நேரங்களில் காரணத்தை ஆராயவிடாமல் தடுக்கும்.

மற்றது: கேமில் கிளைகளை எழுதியவர் ஒரு மனிதர், இயற்கை அல்ல, அங்கே கற்ற காரணகாரியம் வெளியே செல்லாது. இதையும் ஏற்கிறேன். கேம் உலகைப் பற்றிய சோதனை அல்ல. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் இட்லிச் சட்டியைத் தப்பாக அடுக்கினால் மறுபடி அடுக்கலாம்; அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைத் திரும்பத் திரும்ப முயன்று சரிசெய்யலாம். மகன் கவின் தாயிடமிருந்து விலகிப்போவதை மட்டும் ஆடுபவர் எந்த விடையைத் தெரிவு செய்தாலும் தடுக்க முடியாது. அதைக் குறை என்று நான் கருதவில்லை. புலம்பெயர்ந்த தாய்க்கு எது கைக்குள் இருந்தது, எது இல்லை என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. கிளைகளை எழுதியவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதே மறு ஆட்டத்தின் பெரிய பலன். வெளியுலகிலும் நம் முன்னால் வைக்கப்படும் தெரிவுகள் பலவற்றை யாரோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

மலையகத்தில் அதற்கு ஆதாரம் தேடிப்போக வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்தவர்கள் முதலில் வேலை செய்தது கோப்பித் தோட்டங்களில். அறுவடைக்கு வந்து ஊர் திரும்புவது அன்றைய வழக்கம். 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வாரத்துக்கு வாரம் கொழுந்து பறிக்க வேண்டும், வருடம் முழுவதும் ஆள் வேண்டும். வந்துபோனவர்கள் லயங்களில் குடும்பமாக நிலைத்தார்கள். இலைத்துருவைத் தந்த அந்த ஒரு பூஞ்சை வராமல் போயிருந்தால் இந்தச் சமூகமே வேறு வடிவில் இருந்திருக்கும். அது எந்தத் தாத்தாவும் எடுத்த முடிவல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்றும் முடிவாயிற்று. 1974இல் அவர்களையும் 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1964 ஒப்பந்தத்தைத் தொடர்ந்து விண்ணப்பப் படிவம் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் வந்தது: இந்தியாவா, இலங்கையா? ஒரே லயத்தில் அண்ணன் ஒன்றை எழுதினார், தம்பி மற்றதை எழுதினார். ஒருவர் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் கடந்தார். அப்படிப் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அண்ணன் கூடலூரில் கொழுந்து பறித்தார், தம்பி பொகவந்தலாவையில் பறித்தார். இரண்டு கிளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இப்படி அரிதாகவே அமையும். ஆனாலும் இது தலவாக்கலைப் பாத்தி அல்ல: யார் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. ஊரில் உறவு இருந்தவர், கடன் இருந்தவர், கலவரத்துக்குப் பயந்தவர் என்று போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. இரு கிளைகளின் இன்றைய நிலையை ஒப்பிட்டு, எது நல்ல முடிவு என்று தீர்ப்பெழுதுவது பிழையாகும்.

இங்கே செய்யக்கூடியது வேறொன்று: ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு படிவத்தை மட்டும் மறுபடி நிரப்பிப் பார்க்கலாம். எல்லாக் குடும்பமும் இலங்கை என்றே எழுதியிருந்தாலும் 1964 ஒப்பந்தப்படி இடம் இருந்தது 300,000 பேருக்குத்தான். நாலு பேர் தங்க ஏழு பேர் போக வேண்டும் என்ற விகிதம், முதல் படிவம் நிரப்பப்படும் முன்னரே, அந்த மக்களைக் கேட்காமலே எழுதப்பட்டுவிட்டது. எந்தக் குடும்பம் போவது என்பதில் கையெழுத்துக்குப் பங்கு இருந்தது. எத்தனை பேர் போவது என்ற அந்தக் கணக்கில் துளியும் இல்லை. பேரப்பிள்ளைகளோ, ஜிரோட்டோவின் வாசகர்களைப்போல, தாத்தாவின் கையெழுத்தைத்தான் திருத்திப் பார்க்கிறார்கள். 'அவர் மட்டும் பதிந்திருக்காவிட்டால்' என்ற பேச்சு நுவரெலியாவிலும் நீலகிரியிலும் ஒரே சமயத்தில், எதிரெதிர்த் திசையில், கேட்கக்கூடிய பேச்சு.

இப்படிச் சொல்வது மக்களைச் செயலற்றவர்களாகக் காட்டாதா என்று கேட்பது நியாயம். வரலாறு அதற்கு விடை வைத்திருக்கிறது. 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் குடியுரிமை கேட்டுப் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கின. மாறியது படிவத்தில் போட்ட விடையல்ல, படிவமே மாறியது. அதை மாற்றியதில் சேர்ந்து நின்றவர்களின் கைக்குப் பங்கு உண்டு. தனியாள் தெரிவு எங்கே முடிகிறது, கூட்டாகச் செய்ய வேண்டியது எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டையும் மறுபடி ஆடிப் பார்ப்பதுதான் காட்டித்தருகிறது.

அந்தப் படிவத்தைத் தம் கையால் நிரப்பியவர்களில் உயிரோடிருப்பவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். பலரது ட்ரங்குப் பெட்டியில் அந்தக் காகிதங்கள் இன்னும் கிடக்கக்கூடும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவர்களைக் கேட்டால், வெளியிலிருந்து பார்ப்பவரின் கேள்வியையே கேட்கிறோம். படிவத்தை யார் கொண்டுவந்தார், யார் வாசித்துக் காட்டினார், எத்தனை நாள் தவணை கொடுத்தார்கள், அந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்துப் பெயர் விழுந்தது, எழுதாமல் விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பதிந்து வைத்தால், அவர்கள் கண்ட சுவரின் நீள அகலம் நமக்கும் தெரியவரும். மாசியில் காமன் ஊன்றும் நாட்களில் ஊருக்கு ஊர் பிள்ளைகள் வேலைத்தளங்களிலிருந்து திரும்பிவருவார்கள். தாத்தா பாட்டிமாரிடம் உட்கார்ந்து கேட்க அதைவிட நல்ல இரவுகள் கிடைப்பதில்லை.